ராமலிங்கத்தின் முன்பல்

போன வாரம் வாஷ்பேசினில் கழுவும்போது கைதவறி விழுந்து, என் கழற்றி மாட்டும் பல் இரண்டாகிவிட்டது. நான் இப்போது குடியிருக்கும் குட்வில் எஸ்டேட்டில் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பல் கிளினிக் இருக்கிறது. டாக்டருக்கு என் மகள் வயதுகூட இருக்காது. இதே மாதிரி இன்னொன்று செய்யலாம், இரண்டு பக்கத்துப் பல்லையும் ராவி பிரிட்ஜ் வைக்கலாம், எலும்பில் திருகு இறக்கி இம்ப்ளான்ட் போட்டால் சில மாதம் பொறுக்கணும் என்று கடகடவென ஒப்பித்தார். பிறகு விதவிதமான வெள்ளையில் பற்கள் கோத்த பட்டை ஒன்றை என் உதட்டோரம் பிடித்து, "கலர் மேட்ச் ஆகணும் அங்கிள், கொஞ்சம் சிரிங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ராமலிங்கம் ஞாபகம்தான் வந்தது.

உங்களிடம் சொல்வதற்கென்ன, பொறாமை என் கூடப்பிறந்தது. பந்தியில் பக்கத்து இலை அப்பளம் பெரிதாக இருந்தால்கூட எனக்கு முகம் சுருங்கிவிடும்.

வாலிப வயதில் கார் நிக்கோபார் தீவில் ராமலிங்கமும் நானும் ஒரே ஆபீஸில் குமாஸ்தாக்கள். அவன் பரமக்குடிக்காரன். பல் வலித்தால் தீவில் பிடுங்குவதோடு சரி. புதுப் பல், மூக்குக்கண்ணாடி, பெண் பார்ப்பது எல்லாவற்றையும் 'மெயின்லேண்ட் போறப்ப' என்று சேர்த்து வைப்போம். எங்கள் இருவருக்கும் முன்பல் ஒன்று கிடையாது. நான் படகுத்துறையில் வழுக்கி விழுந்தவன், அவன் வாலிபாலில் முழங்கை இடி வாங்கியவன். யாராவது வந்தால் கையால் வாயைப் பொத்திக்கொள்வோம். தனியாக இருக்கும்போது மட்டும் ஓட்டைப் பல் தெரிய வாய்விட்டுச் சிரிப்போம்.

இருவரும் ஒன்றாக லீவு கேட்டோம். ஆபீஸில் ஒருவராவது இருக்கணும் என்று அவனுக்கு மட்டும் கொடுத்தார்கள். அவன் கப்பல் கிளம்பிய அன்று ஜுரம் என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். ஜுரமெல்லாம் இல்லை, வெறும் வயிற்றெரிச்சல்.

இரண்டு மாதம் கழித்து பிரிட்ஜ் பல்லோடும் நிச்சயமான கல்யாணத்தோடும் வந்திறங்கினான். பியூனிடம் சிரித்தான், பெங்காலி ஹெட்கிளார்க்கிடம் சிரித்தான். கை வாய்ப்பக்கமே போகவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எப்டி இருக்கு மாப்ளே? சச் போல், உண்மையச் சொல்லு" என்றான்.

அச்சு அசலாக இருந்தது. எது வைத்த பல் என்று எனக்கே தெரியவில்லை.

"சப் டீக் ஹை, எல்லாம் சரிதான்... கலருதான் ஒட்டல. தூரத்துலருந்தே தெரியுது" என்றேன்.

"தெரியுதாடா?" என்றான். கை தானாக வாய்க்குப் போனது. அன்று மத்தியானம் எனக்குச் சோறு நன்றாக இறங்கியது. இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

'சும்மா சொன்னேன்டா' என்று சொல்லிவிட நாளைக்கு நாளைக்கு என்று தள்ளினேன். என் முறை வந்து, நானும் சென்னை போய்ப் பல் வைத்துக்கொண்டு திரும்புவதற்குள் அவன் மாற்றலாகி மெயின்லேண்டுக்கே போய்விட்டான். கொஞ்ச காலம் கடிதம் வந்தது. அதில் எழுதியாவது தொலைத்திருக்கலாம்.

போன வருஷம் அவன் இறந்த செய்தியைச் சொல்ல அவன் மகள் போன் செய்தாள்.

"மாலை போட்டு வைக்க, அப்பா சிரிச்ச மாதிரி ஒரு போட்டோகூட இல்ல அங்கிள். என் கல்யாணத்துலயும் வாயப் பொத்திக்கிட்டுத்தான் நின்னாங்க. உங்ககிட்ட ஏதாச்சும் இருக்கா?"

"இல்லம்மா" என்றேன். ஓட்டைப் பல்லோடு இருந்தபோது அவள் அப்பா எப்படி வாய்விட்டுச் சிரிப்பான் என்று மட்டும் சொன்னேன். அந்தச் சிரிப்பை நிறுத்தியவன் யார் என்று சொல்லவில்லை.