விடை வந்த அன்றைக்குத் தாலி

என் தங்கை காவேரியைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். மாமனை ஏமாற்றிவிட்டாள் என்கிறான் ஒருவன். படிப்பு தலைக்கேறிவிட்டது என்கிறான் இன்னொருவன். வாய் இருக்கிறது, பேசுகிறார்கள். அவள் கூடப் பிறந்தவன் நான், உத்தனப்பள்ளி முனிவேல். நடந்ததை நான் சொல்கிறேன்.

காவேரிக்கு வீட்டு வேலை சுட்டுப்போட்டாலும் வராது. களி கிண்டச் சொன்னால் துடுப்பைப் பிடித்தபடி எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பாள். அடி பிடித்த நாற்றம் தெருவரைக்கும் வரும். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். அப்பா மட்டும் அந்தக் கருகிய களியைச் சாப்பிட்டுவிட்டு, அவளைப் பெங்களூரில் ஹாஸ்டலில் சேர்த்து பி.ஏ. கணக்குப் படிக்க வைத்தார். 1955இல் அவள் பாஸ் செய்து ஊர் திரும்பினாள். அந்த வருஷமே அப்பா போய்விட்டார்.

அவளுக்கு எம்.ஏ. படிக்க ஆசை. ஆனால் சூளகிரியிலிருந்து அம்மாவின் தம்பி திம்மராயன் மாமா வந்து உட்கார்ந்துவிட்டார். எங்கள் பக்கத்தில் அக்கா மகளைக் கட்டுகிற உரிமை தாய்மாமனுக்கு உண்டு. அவர் வேண்டாம் என்றால்தான் வெளியே கொடுக்கலாம். மாமாவுக்குப் பெண்டாட்டி செத்து இரண்டு வருஷம், வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப் போகும். அப்பா போன பிறகு எங்கள் நிலத்துக்கு ஏர் பூட்டி அனுப்பியவர் அவர்தான். அதனாலேயே என்னால் வாயைத் திறக்க முடியவில்லை.

வெற்றிலை மாற்றுகிற நாளில் சொந்தக்காரர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். தட்டைப் பார்த்துக்கொண்டே நின்ற காவேரி திடீரென்று, "மாமா, ஒரு கேள்வி. அதுக்கு விடை வந்த அன்னைக்கு நான் கழுத்த நீட்டறேன். அது வரைக்கும் என்னப் படிக்க வுடணும்" என்றாள்.

மாமா சிரித்தார். "அட, பரீட்சை வெக்கறியா எனக்கு? கேளு, கேளு."

அவள் தட்டிலிருந்து ஒரு வெற்றிலை மேல் ஒரு பாக்காக வைத்துக்கொண்டே போனாள். "இப்பிடி ஜோடி சேத்தா, எண்ணாமயே ரெண்டும் சமமான்னு தெரிஞ்சிடும், இல்ல?"

"ஆமா."

"ஒன்னு, ரெண்டு, மூணுன்னு எண்ணிக்கிட்டே போனா முடிவு கெடையாது. ஒரு கோடு இழுத்தா அதுல இருக்கற புள்ளிக்கும் முடிவு கெடையாது. ஆனா எண்ணையும் புள்ளியையும் எப்பிடி ஜோடி சேத்தாலும் புள்ளி மீந்துடும். அத நிரூபிச்சிட்டாங்க. அப்ப முடிவில்லாததுலயும் சின்னது, பெரிசு இருக்குது. அந்தச் சின்னதுக்கும் இந்தப் பெரிசுக்கும் நடுவுல இன்னொரு அளவு இருக்குதா, இல்லியா? இதான் கேள்வி."

"இவ்வளவுதானே! இருக்குது, இல்ல, ரெண்டுல ஒன்னு. இதுக்கு ஒரு வாத்தியார் போதாதா?" என்று மாமா தட்டைத் தூக்கி அம்மா கையில் கொடுத்து, அம்மாவின் தட்டை வாங்கிக்கொண்டார். பெரியவர்கள் தலையாட்டினார்கள். வெற்றிலை மாறிவிட்டால் எங்களில் பேச்சு மாறக் கூடாது. விடை வந்த அன்றைக்குத் தாலி, அதுவரை படிப்பு. முடிந்தது.

எல்லோரும் போன பிறகு காவேரி மெதுவாகச் சொன்னாள், உலகத்தில் யாருக்கும் அதற்கு விடை தெரியாதாம்! எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. "அடிப்பாவி, நாளைக்கே எவனாவது கண்டுபுடிச்சிட்டா?" என்றேன். "வாக்கு வாக்குதான் அண்ணா" என்றாள்.

அவள் பெங்களூருக்கு பஸ் ஏறினாள். மாமா விடையைத் தேடிப் புறப்பட்டார். சூளகிரி வாத்தியார் "இருக்குது" என்றார். கிருஷ்ணகிரி வக்கீல் ஒருவர் "இல்லை" என்றார். மாமா இரண்டு பேரையும் ஒரே இடத்தில் உட்கார வைத்தார். அவர்கள் போட்ட சண்டையில் வக்கீலுடைய மூக்குக் கண்ணாடி உடைந்ததுதான் மிச்சம். எனக்கோ தபால்காரரைப் பார்த்தாலே பக்கென்றிருக்கும், எவனோ விடையைக் கண்டுபிடித்துவிட்டான் என்று.

1957 கோடையில் எம்.ஏ. முடித்துவிட்டு காவேரி வீட்டுக்கு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. மேற்கொண்டு ஆராய்ச்சி செய்ய புரொபசர் சேர்த்துக்கொள்கிறாராம்.

"என்னத்த ஆராயப்போற?" என்றேன்.

"மாமாவுக்குச் சொன்ன அதே கேள்விதான்."

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த சொம்பு பறந்தது. "பைத்தியமாடி நீ? விடை வந்தா அவருக்குக் கழுத்த நீட்டணும். ஊர்ல எவனும் அதக் கண்டுபுடிக்கக் கூடாதுன்னு நான் சாமிக்கு வேண்டிக்கிட்டிருக்கேன், நீயே போய்த் தேடறியா?"

"தெரிஞ்சிக்கணும் அண்ணா" என்றாள் அவள். "பயந்து ஒதுங்கித்தான் பாத்தேன். வேற எதுலயும் மனசு நிக்க மாட்டேங்குது. கெடச்சா கெடச்ச அன்னைக்கு வாக்கக் காப்பாத்தறேன். அதுக்காகத் தேடாம இருக்க என்னால ஆகாது."

அம்மா மூலையில் உட்கார்ந்து அழுதாள்.

மறுநாள் மத்தியானம் திம்மராயன் மாமா வந்தார். பெங்களூரிலிருந்து நேராக வருகிறார், சட்டையெல்லாம் புழுதி. ஒரு கூடை மாம்பழத்தோடு புரொபசரையே போய்ப் பார்த்திருக்கிறார். கன்னடத்தில் வெகுநேரம் பேசினார்களாம்.

"'இருக்குது'ன்னு கணக்குல இப்ப இருக்கற விதிய வெச்சி நிரூபிக்கவே முடியாதாம்" என்றார் மாமா. "அத வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் காட்டிட்டாராம். 'இல்ல'ன்னு நிரூபிக்க முடியுமாங்கறதுதான் தெரியலயாம். நாளைக்கே தெரியலாமாம், நூறு வருஷமும் ஆகலாமாம். எந்தப் பக்கமும் நிரூபிக்க முடியாமயே போனாலும் போகலாமாம்."

மாமா காவேரியைப் பார்த்தார்.

"என்னைத் தட்டிக்கழிக்கத்தான் நீ இந்தக் கேள்வியப் போட்டேன்னு நெனச்சேன். அங்க வெச்சே கோவம் வந்துச்சி. அப்புறம்தான் அவர் சொன்னாரு, அதையே தேடறதுக்கு நீ பேர் குடுத்திருக்கியாம். நெசமா?"

"நெசம் மாமா."

"கண்டுபுடிச்சா எனக்குக் கழுத்த நீட்டணும்னு தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு எழுந்து வாசலுக்குப் போய் வைக்கோல் போரிலிருந்து ஒரு துரும்பை உருவி வந்தார். அம்மா "தம்பி, வேணாம்டா" என்று பதறினாள். துரும்பைக் கிள்ளிப் போட்டால் உறவுப் பேச்சு அற்றுப்போனது என்று அர்த்தம்.

"இரு அக்கா" என்றார் மாமா. "வெத்தலப் பேச்சத்தான் அறுக்கறேன், உங்களோட உறவ இல்ல. ஒரு புள்ள இவ்வளவு ஆசையா ஒன்னத் தேடறா. கெடச்சிடுமோன்னு பயந்துக்கிட்டே தேடினா அது வெளங்குமா? கெடச்சா சந்தோஷமா கத்தணும், மறைக்கக் கூடாது." துரும்பை இரண்டாகக் கிள்ளி அவள் முன்னால் போட்டார். "போய்ப் படி. ஆனா, ரெண்டு வருஷமா வெயில்ல அலைஞ்சிருக்கேன். விடை வந்தா மொதல்ல எனக்கு வந்து சொல்லணும்."

காவேரி அழுதுவிட்டாள். அப்பா போனபோதுகூட அப்படி அழவில்லை. அழுதுகொண்டே சிரித்தாள்.

"சொல்றேன் மாமா. விடையே வராதுன்னு தெரிஞ்சாலும் வந்து சொல்றேன்."