பெயரை முதல் வரியில் போட்ட பக்கம்

2024 நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை, காலை மணி பத்து இருபது. பழங்காநத்தத்தில் தூறல், நனைக்கவும் இல்லை, நிற்கவும் இல்லை. முந்தின நாள் கொடுத்த ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று பார்க்க, பரிசோதனை நிலையத்தின் இணையதளத்தைக் கைபேசியில் திறந்தேன். முதலில் என் சம்மதத்தைக் கேட்டது, எதற்கென்று சொல்லவில்லை. பிறகு நான் எங்கே இருக்கிறேன் என்று கேட்டது. அறிவிப்பு அனுப்பட்டுமா என்றது. மூலையிலிருந்து ஒரு பொம்மைப் பெண் எழும்பி, ‘நான் உதவட்டுமா?’ என்றாள். இப்படி ஏழு பேரை ஒதுக்கித் தள்ளிவிட்டு உள்ளே போனால், ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டிருக்கும் படம். நான்கு பேர், ஒரு நாய். நாய்க்குக்கூடப் பல் வெள்ளை. என் சர்க்கரையை மட்டும் காணோம்.

இதைச் செய்தவனுக்குச் சம்பளம் கொடுத்திருப்பார்கள். அதை நினைத்தால்தான் எனக்குச் சர்க்கரை ஏறுகிறது.

தேடித்தேடிக் கைபேசி சூடாகிவிட்டது. சூடான பிளாஸ்டிக் வாசனை மூக்கில் ஏறியதும் பாண்டியின் பிரவுசிங் சென்டர் நினைவுக்கு வந்தது. ரவுண்டானாவிலிருந்து உள்ளே திரும்பினால் மூன்றாவது கடை. ஆறு கணினிகள், அதில் ஓடுபவை நான்கு. ஈரக் கம்பளமும் ஊதுபத்தியும் சூடான பிளாஸ்டிக்குமாக ஒரு வாடை அடிக்கும். சுவரில் ‘செருப்பை வெளியே விடவும்’ என்று எழுதியிருக்கும். கோயிலாம்!

அந்தக் காலத்துத் தளங்களும் யோக்கியம் இல்லை, நண்பரே. பழையது எல்லாம் நல்லது என்று சொல்லும் ஆள் நான் இல்லை. ஒரு தளத்தில் எழுத்து இடமிருந்து வலமாக ஓடும். படிக்கிறவனும் கூடவே ஓட வேண்டும். இன்னொன்றில் ‘புதிது’ என்ற சொல் கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும், மூன்று வருடமாக. ஒன்றைத் திறந்தால் வீணை வாசிக்கும். நிறுத்த வழி கிடையாது. செய்தவனுக்குத் தெரிந்த வித்தை எல்லாம் பார்க்கிறவன் தலையில்.

2003, மே மாதக் கடைசி. என் மகள் ரேவதிக்குப் பத்தாம் வகுப்பு முடிவு. பள்ளிக்கூடத்தில் ஒட்டுவதற்கு முன்பே கணினியில் வந்துவிடும் என்று, ஒன்பது மணிக்கே பாண்டி கடைக்குப் போய்விட்டோம். எங்களுக்கு முன்னால் பதினோரு பேர். எல்லோரும் ஒரே தளத்தைத்தான் கேட்டார்கள். அப்போது அதுதான் பேர்பெற்றது. திறந்தால் பட்டாசு வெடிக்கிற படம், பட்டம் வாங்கிய தொப்பி சுற்றுகிற படம், கீழே ஒரு பொறியியல் கல்லூரி. தேறினவனோ தேறாதவனோ, பட்டாசு எல்லோருக்கும் வெடித்தது.

எங்களுக்கு முந்தின ஆள், கையில் குடை வைத்திருந்த ஒரு நடுவயதுக்காரர், தன் வீட்டுப் பையனுக்காகப் பார்த்தார். பார்த்துவிட்டு, மீதிச் சில்லறைகூட வாங்காமல் காசை வைத்துவிட்டுப் போனார். நாங்கள் உட்கார்ந்தோம். ரேவதி எண்ணைத் தட்டிப் பொத்தானை அமுக்கினாள். கல்லூரி விளம்பரம் தனிச் சன்னலாகக் குதித்து வந்து திரையின் மேல்பாதியை மூடிக்கொண்டது. கீழ்ப்பாதியில் மதிப்பெண்கள். கணக்கு முப்பத்தொன்று. தேர்ச்சி இல்லை.

‘‘அப்பா...’’ என்றாள். அவ்வளவுதான்.

கணக்கில் அவள் எண்பதுக்குக் குறைந்தவள் இல்லை. மேலே என்ன இருக்கிறது என்று பார்க்க விளம்பரத்தை மூடினேன். இன்னொன்று வந்தது. அதை மூடினேன், இரண்டு வந்தன. ஐந்தாவதை மூடித் திரும்பிப் பார்த்தால் பக்கத்து நாற்காலி காலி. வாசலில் அவள் செருப்பும் இல்லை.

மவுஸைத் தூக்கி மேசையில் அறைந்தேன். அது வாய் பிளந்து, உள்ளே இருந்த உருண்டை ஓடி ஒரு பெண்மணியின் காலடியில் நின்றது.

‘‘அண்ணே! அது என்னண்ணே பாவம் பண்ணுச்சு?’’ என்று ஓடிவந்தான் பாண்டி. திரையைப் பார்த்தான். ‘‘பொறுங்கண்ணே. பேரப் பாத்தீகளா?’’

‘‘பேரு எங்கடா தெரியுது? காலேஜுதான் தெரியுது!’’

‘‘இது முன்னால வந்தவரு பாத்ததுண்ணே. சைட்டுல ஒரே கூட்டம், பக்கம் மாறாம அப்படியே நிக்கிது. இங்கிட்டு வாங்க.’’

தன் சொந்தக் கணினியில் வேறொரு தளத்தைத் திறந்தான். அதைத்தான் சொல்ல வந்தேன். வெள்ளைத் திரை. நடுவில் ஒரு கட்டம். பக்கத்தில் ஒரு பொத்தான். வேறு ஒன்றும் இல்லை. செய்தவனின் பேர்கூட இல்லை. எண்ணைத் தட்டினான். கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்தது. முதல் வரியில், மற்ற எழுத்தைவிடப் பெரிதாக, பெயர். இரண்டாவது வரியில் பள்ளி. அதற்கப்புறம்தான் மதிப்பெண். கணக்கு தொண்ணூற்றாறு, மொத்தம் நானூற்று முப்பத்தொன்று. கடைசியில் ஒரு வரி: ‘இது உங்கள் பெயர் இல்லையென்றால் எண்ணைச் சரிபார்க்கவும்.’

அந்த ஒரு வரியை எழுதியவன் எந்த ஊரோ, என்ன சாதியோ தெரியாது. ஆனால் இந்தப் பக்கத்தில் யார் வந்து உட்காருவார்கள், அவர்கள் அவசரத்தில் எண்ணை எப்படித் தப்பாகத் தட்டுவார்கள் என்று யோசித்திருக்கிறான். வடிவமைப்பு என்று பெரிதாகப் பேசுகிறார்களே, என் அறிவுக்கு எட்டியவரை அது இவ்வளவுதான். மற்றதெல்லாம் பட்டாசு.

‘‘இத மொதல்லயே காட்டுறதுக்கென்னடா?’’

‘‘யாரும் கேக்கலையேண்ணே’’ என்றான். மெதுவாக வரும் தளத்தால்தான் அவனுக்கு அரைமணிக்கு அரைமணி காசு. அச்செடுத்துக் கொண்டு தெருவில் இறங்கினேன்.

அவள் தேறிவிட்டது எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. அப்போது எங்கள் வீட்டில் யாரிடமும் கைபேசி கிடையாது.

வீட்டில் இல்லை. பள்ளிக்கூடத்தில் இல்லை. ஆட்டோக்காரரிடம் எந்தெந்த இடத்துக்குப் போகச் சொன்னேன் என்பதை விவரமாக எழுத மாட்டேன். கிணறு இரண்டு, தண்டவாளம் ஒன்று. மூன்றாவது இடத்தில் அவரே மீட்டரைப் பார்ப்பதை விட்டுவிட்டு, ‘‘சார், பதறாதீக. நம்ம புள்ள அப்படியெல்லாம் போகாது’’ என்றார். அவர் அவளைப் பார்த்ததே இல்லை.

ஒரு ரூபாய் தொலைபேசியிலிருந்து பக்கத்து வீட்டுக்கு நான்காவது முறை போட்டபோது மனைவி வந்து எடுத்தாள். அழுகையோடு, ‘‘செல்லூர்ல அந்த ஹேமா வீட்டுல பாத்தீகளா?’’ என்றாள். கூடப் படிக்கிற பெண். அந்தப் பெயர் மூன்று வருடமாக எங்கள் வீட்டில் தினம் இரண்டு தடவையாவது அடிபடும். எனக்குத்தான் தோன்றவில்லை.

செல்லூர்ச் சந்துக்குள் ஆட்டோ போகாது. விசைத்தறிச் சத்தத்தில் நான் கூப்பிட்டது எனக்கே கேட்கவில்லை. ஹேமாவின் அம்மா வாசலுக்கு வந்தார். உள்ளே திரும்பித் தங்கள் பாஷையில் ஏதோ சொல்லிவிட்டு, என்னிடம் தமிழில், ‘‘வந்ததுலேர்ந்து ஒரு வாய் தண்ணி குடிக்கலண்ணே. புள்ளய வையாதீங்க’’ என்றார்.

ரேவதி தறிக்கு அருகே சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். அங்கே அழுதால் யாருக்கும் கேட்காதாம், பிற்பாடு சொன்னாள். அந்தச் சத்தத்தில் பேசினால் கேட்காது. அச்சுக் காகிதத்தை நீட்டினேன். வாங்க மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். ஹேமாதான் வாங்கி, முதல் வரியில் விரலை வைத்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

‘‘எம்பேருதானாப்பா?’’ என்று எழுந்து என் காதோரம் வந்து கேட்டாள்.

‘‘ஒம்பேருதான். எம்புட்டுப் பெருசாப் போட்டுருக்கான் பாரு.’’

அப்புறம் அவள் அழுததுதான் தறியையும் மீறிக் கேட்டது.

அந்தக் குடைக்காரர் வீட்டுப் பையன் என்ன ஆனான் என்று எனக்குத் தெரியாது. முப்பத்தொன்று உண்மையிலேயே அவனுடையது. ஒவ்வொரு மே மாதமும் அவன் நினைப்பு வரும்.

வெள்ளைப் பக்கத்தைப் பிறகு நான்கு வருடம் யார் யார் பிள்ளைகளுக்கோ பார்த்துச் சொன்னேன். ஐந்தாம் வருடம் பக்கம் வரவில்லை. முகவரி தப்போ என்று ஒன்பது முறை தட்டினேன். விளம்பரம் வைக்காதவன் எத்தனை நாள் கைக்காசில் நடத்துவான்? பட்டாசுத் தளம் மட்டும் இன்றும் இருக்கிறது. இப்போது சோதிடமும் பார்க்கிறது. பாண்டி கடையில் கைபேசி உறை விற்கிறார்கள். பாண்டி திருப்பூர்ப் பக்கம் போய்விட்டான் என்றார்கள்.

அன்றைக்கு மவுஸுக்கு நூற்றைம்பது, ஆட்டோவுக்கு இருநூற்று இருபது, பாண்டி கடைக்கு முப்பது, அச்சுக்கு ஐந்து, தொலைபேசிக்கு நான்கு, செல்லூர் முக்கில் நின்று அவள் ஒரே மூச்சில் குடித்த இரண்டு பன்னீர் சோடாவுக்கு எட்டு. வெள்ளைப் பக்கத்தைச் செய்தவனுக்கு அதில் ஒரு காசு போகவில்லை. மொத்தம் நானூற்றுப் பதினேழு ரூபாய்.