சர்வ பூமி அதிகாரம்

1995இல் ஆந்திரத்துப் பிச்சாட்டூர்ப் பக்கத்து ஊரொன்றில் சர்பஞ்ச் என்னும் ஊராட்சித் தலைவர் பதவியைப் பெண்களுக்கென்று ஒதுக்கினார்கள். கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ரத்தினம்மா நின்று ஜெயித்துவிட்டாள். ஊர் நிலத்தில் பாதி வரதராஜனுடையது. மீதியும் தன்னுடையதுதான் என்பது அவர் நினைப்பு. "பேருதான் அவளுது, நாற்காலி அவ புருஷன் ஏழுமலையுது" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ரத்தினம்மாவுக்கோ அந்த நாற்காலியில் தானே உட்கார வேண்டும் என்று கொள்ளை ஆசை. ஆனால் தெலுங்குப் பதவிப் பிரமாணத்தில் ஒரு வார்த்தை அவள் வாயில் நுழையவே இல்லை. சார்வபௌமாதிகாரம். தமிழில் இறையாண்மை என்பார்கள்.

"இன்னாய்யா அது, துன்ற பண்டமா?"

ஏழுமலை குவைத்தில் ஓட்டல் பாத்திரம் கழுவியவன். இராக் படை நுழைந்தபோது போட்டது போட்டபடி ஓடிவந்தவன். "அங்க ரேடியோல தெனம் சாவரின்டி சாவரின்டின்னு கத்திக்கினு இருந்தானுங்க மே. நம்ம வூட்ல அடுத்தவன் பூந்து நாட்டாமை பண்ணக் கூடாது. அதான்."

எங்கோ வெள்ளைக்கார ராஜாக்களுக்காகப் பிறந்த யோசனை அது. நம் சட்டத்துக்குள் வந்தபோது ஜனங்களே ராஜா என்று ஆயிற்று. எழுதி வைத்ததோடு சரி, எங்கள் பக்கத்து வரதராஜன்களுக்கு யாரும் படித்துக் காட்டவில்லை.

பிரமாணத்தன்று பஞ்சாயத்து ஆபீசில் நல்ல கூட்டம். ரத்தினம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு, "சர்வ பூமி அதிகாரம்" என்றாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஒரு சென்ட் நிலம் இல்லாதவளுக்கு எல்லா பூமியின் மேலும் அதிகாரமாம்! எனக்கென்னவோ அது தப்பாகவே படவில்லை. அந்த வார்த்தைக்குள் 'பௌம' என்று இருப்பதும் பூமிதானே?

அதிகாரி மட்டும் சிரிக்காமல், "சரே அம்மா, சதவண்டி" என்று மேலே படிக்கச் சொன்னார். அவள் படித்து முடித்தாள்.

வரதராஜன் நாற்காலியை இழுத்துப் போட்டார். "ஏழுமல, நீ வந்து குந்துடா. அவளுக்கு வாயே திரும்பல."

ஏழுமலை போய் நாற்காலியைப் பிடித்தான். ரத்தினம்மாவின் முகம் செத்துப்போயிற்று. அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்து நாற்காலியைத் துடைத்தான்.

"குந்து மே. நீ வர நேரமாவும். சோறு நான் ஆக்கி வெக்கிறேன்."

சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான். அவளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. உட்கார்ந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வரதராஜனைப் பார்த்தாள்.

"சொல்லுங்க, இன்னா வேலையா வந்தீங்க?"