கௌரி மேடம் தேடிய நாற்பது சில்லுகள்

வடாலா ஸ்டேஷனில் பன்வேல் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தேன். கைப்பேசியில் கௌரி மேடத்தின் பெயர் வந்தது. “சொல்லுங்க மேடம்” என்றேன். பேசியது அவர் தங்கை சாந்தா.

“பாய், அக்கா போயிட்டா. காலம்பற பால் காய்ச்ச எழுந்தவ அடுப்படியிலேயே விழுந்துட்டா. டாக்டர் வரதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுடுத்து.”

வண்டி வந்து, கூட்டத்தை ஏற்றிக்கொண்டு போயிற்று. நான் ஏறவில்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். செம்பூரில் ஒரு சிறிய எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் இருபத்தெட்டு ஆண்டுகள் வேலை பார்த்தார். வெளியிலிருந்து வாங்கும் பாகங்களைச் சோதித்து, நல்லதை உள்ளே விட்டு, கெட்டதைத் திருப்பி அனுப்புவது அவர் பொறுப்பு. அவரைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், பெரிதாக எதுவும் இல்லை. அவர் திருப்பி அனுப்பிய சரக்கு என்னுடையது.

தாராவியில் எனக்கு ஒரு கடை உண்டு. பழைய டிவி, யூபிஎஸ், சார்ஜர் போர்டுகள் மூட்டை மூட்டையாக வரும். சூடுகாட்டி, அதிலுள்ள சில்லுகளைக் கழற்றி, கால்களை நிமிர்த்தி விற்போம். அந்தச் சரக்கை ‘மால்’ என்போம். இதில் தப்பு ஏதும் இல்லை. தப்பு அதற்கு அடுத்த வேலையில் இருந்தது. குறைந்த திறனுள்ள சில்லின் முதுகைத் தேய்த்து, கறுப்புப் பூசி, பெரிய திறனுள்ளதன் எண்ணை அச்சடித்துவிடுவோம். வாங்குகிறவர் எண்ணைத்தான் பார்ப்பார்.

ஒரு மழைக்கால மதியம் அவர் கடைக்கு வந்தார். நனைந்த குடையை வாசலில் சாய்த்துவிட்டு, கைப்பையிலிருந்து எங்கள் பொட்டலத்தை எடுத்தார். உள்ளே டிரையாக்குகள். மூன்று கால் உள்ள கறுப்புச் சில்லு. ஹீட்டருக்கும் மின்விசிறிக்கும் போகிற மின்சாரத்தைத் திறந்து மூடுவது.

“பீர் பாய் நீங்கதானே? கொஞ்சம் பஞ்சு குடுங்கோ.”

நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டு, ஒரு சில்லின் முதுகைத் துடைத்தார். பஞ்சு கறுத்தது. அடியில் தேய்த்த கீறல்கள் தெரிந்தன. பிறகு என் கட்டிங் பிளையரையே வாங்கி, அதை உடைத்துக் காட்டினார்.

“மேல இருபத்தஞ்சு ஆம்பியர்னு போட்டிருக்கேள். உள்ள பாருங்கோ, கடுகத்தனை இருக்கு. இது நாலு தாங்கினா பெரிசு.”

“மேடம், இந்த மார்க்கெட்ல எல்லாரும் செய்யுததுதான். ஃபேன் ரெகுலேட்டர்ல போடுவாங்க. கெட்டா வேற மாத்திக்கிடுவாங்க. இந்தச் சின்ன மாலுக்குப் போயி எதுக்கு இவ்வளவு டென்ஷன்?”

அவர் குரல் உயரவில்லை. “பல்பு கெட்டா அணைஞ்சுடும், பாய். இது கெட்டா பெரும்பாலும் அணையாது. திறந்தது திறந்தபடியே நின்னுடும். கரண்ட் போயிண்டே இருக்கும். அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?”

எனக்குத் தெரியாது.

“இதே மால் வேற யாருக்குக் குடுத்தேள்?”

“யாருக்கும் இல்ல மேடம்” என்றேன். முந்தின வாரம்தான் பாண்டுப்பிலிருந்து வந்த ஒருவர் நாற்பது வாங்கிப் போயிருந்தார். ஹீட்டருக்கு என்றார். என்ன ஹீட்டர் என்று நான் கேட்கவில்லை.

அவர் தன் கைப்பேசி எண்ணை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். “ஞாபகம் வந்தா கூப்பிடுங்கோ.”

அன்றிலிருந்து என் வீட்டிலேயே எனக்கு நிம்மதி இல்லை. வாஷிங் மெஷின் உறுமினால் எழுந்து போய்ப் பார்ப்பேன். பக்கத்து வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பு, எங்கள் கட்டடத்து லிஃப்ட், தெருமுனையில் வரிசையாகச் சார்ஜில் நிற்கும் டெலிவரிப் பையன்களின் ஸ்கூட்டர்கள், எல்லாவற்றுக்குள்ளும் அந்தக் கறுப்புச் சில்லின் சொந்தபந்தங்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். என் தலைமுறையின் சின்ன வயதில் வீட்டில் ஒரே ஒரு டிரான்சிஸ்டர். அது பாட்டுப் பாடும். இன்றைக்கு இந்தச் சில்லுகள் இல்லாத சுவரே இல்லை. மகளின் தலையணை அருகே சார்ஜர் சூடாக இருந்ததைத் தொட்டுவிட்டு, பிடுங்கி எறிந்தேன். அவளுக்குக் கோபம். அப்போதும் மேடத்தை நான் கூப்பிடவில்லை.

இரண்டு மாதம் கழித்து அவரே வந்தார். கவுண்டரில் ஒரு போர்டை வைத்தார். ஓரத்தில் கருகியிருந்தது. அவருக்குத் தெரிந்த ரிப்பேர்காரர் ஒருவர் பாண்டுப்பில் ஒரு நர்சிங் ஹோமிலிருந்து கொண்டு வந்ததாம். பிறந்த குழந்தைகளைக் கிடத்துகிற வார்மரில் இருந்தது. டிரையாக் கெட்டு, ஹீட்டர் நிற்காமல் எரிந்திருக்கிறது. சூடு மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டிய தனி சுவிட்சை, வார்மரைச் செய்தவர் வைக்கவே இல்லை. அலாரம் ஓயாமல் கத்துகிறதென்று முன்பே அதை அடைத்துவிட்டிருந்தார்கள். துணி மாற்ற வந்த நர்ஸ், கையை நீட்டியவுடன் அனல் அடிக்க, குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறார்.

“குழந்தை?” என்றேன்.

“பிழைச்சுடுத்து. முதுகெல்லாம் கொப்புளம். இன்னும் பேர்கூட வைக்கல, பாய்.”

யாருக்கு விற்றேன் என்று இந்தத் தடவை அவர் கேட்கவில்லை. நானே சொன்னேன். “நாப்பது, மேடம். பாண்டுப்காரருக்கு நாப்பது குடுத்தேன். அன்னைக்குப் பொய் சொல்லிட்டேன்.”

திட்டுவார் என்று காத்திருந்தேன். குடையை எடுத்தார். “ஷட்டரை இறக்குங்கோ. இப்பவே போலாம்.”

பாண்டுப்காரர் முதலில் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. மேடம் அவருடைய பட்டறையில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். தண்ணீர்கூடக் கேட்கவில்லை. மூன்று மணி நேரத்துக்குப் பிறகு அந்த மனிதரே கைப்பேசியைத் திறந்து, வார்மர்கள் போன இடங்களைப் படிக்கத் தொடங்கினார்.

மேடத்தின் முதலாளிக்கு இது பிடிக்கவில்லை. “நம்ம பொருள் இல்ல, நம்ம பேர் எதுக்கு அடிபடணும்?” என்றாராம். மேடம் மறுநாளே வேலையை விட்டார். இதை அவர் என்னிடம் சொல்லவே இல்லை. சாந்தா சொல்லித்தான் தெரியும்.

ஓராண்டுக்கும் மேலாக நாங்கள் அலைந்தோம். சின்னச் சின்ன மகப்பேறு மருத்துவமனைகள். “அஞ்சு நிமிஷம் அந்த மெஷினைத் திறந்து பாக்க விடுங்கோ” என்பார். அடுத்து நான் பேச வேண்டும். “இதுல இருக்கது நான் வித்த போலி மால்” என்று ஒவ்வொரு இடத்திலும் நானே என் வாயால் சொல்ல வேண்டும் என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை. முதல் தடவை நாக்கு எழவில்லை. நான் சொல்லி முடிக்கும்வரை அவர் என் பக்கத்திலேயே நின்றார்.

கல்யாணில் ஒரு டாக்டர் போலீஸைக் கூப்பிடுவேன் என்றார். நான் பின்வாங்கினேன். மேடம் நகரவில்லை. “கூப்பிடுங்கோ டாக்டர். அவாளும் பாக்கட்டும்.” டாக்டர் யோசித்துவிட்டு அறையைத் திறந்துவிட்டார். வார்மரில் குழந்தை இருந்தது. அதை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டுத் திறந்து பார்த்தோம். டிரையாக்கைச் சுற்றிப் போர்டு பழுப்பேறியிருந்தது. இன்னும் எத்தனை நாள் தாங்கியிருக்கும் என்று நான் கேட்டேன். “கேக்காதீங்கோ” என்றார்.

வார்மருக்கு ஒரு சில்லு; கருகியதையும் சேர்த்து முப்பத்தாறு கிடைத்தன. எல்லாவற்றிலும் நல்ல சில்லும் தனி சுவிட்சும் வைத்தோம். நான்கு வார்மர்கள் ஒரு டீலர் கைக்குப் போயிருந்தன. அவர் கடையை மூடிவிட்டு எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை.

இறப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம் மேடம் கூப்பிட்டார். வண்டிச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. “பாய், ஒண்ணு எங்க இருக்குன்னு தெரிஞ்சுடுத்து போலிருக்கு. நாளைக்கு நிதானமா சொல்றேன்.” சரி மேடம் என்று வைத்துவிட்டேன். அப்போதே கேட்டிருக்கலாம். ஒரு ஊர்ப் பெயர். ஒரு சொல்.

செம்பூர் மின் தகன மேடையில், வெட்கத்தை விட்டுச் சாந்தாவிடம் கேட்டேன், எங்காவது எழுதி வைத்திருக்கிறாரா என்று. கைப்பேசி, கைப்பை, மேசை இழுப்பறை எல்லாம் அந்த அம்மா தேடிப் பார்த்துவிட்டார். ஒன்றும் இல்லை.

ஊழியர் பொத்தானை அழுத்தினார். சுவரிலிருந்த பெட்டியில் சிவப்பு எண்கள் ஏறத் தொடங்கின. எல்லோரும் கைகூப்பி நின்றார்கள். நான் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே சூட்டைத் திறந்து மூடுவது எது, எந்தக் கடையிலிருந்து வந்தது என்று மனம் கேட்டுக்கொண்டே இருந்தது.

“இனிமே என்ன செய்யப் போறேள், பாய்?” என்றார் சாந்தா.

“தேடணும்மா.”

“எங்க?”



போய் வாருங்கள், மேடம். நான்கு இன்னும் எங்கோ எரிந்து அணைந்து, எரிந்து அணைந்து, வேலை செய்துகொண்டிருக்கின்றன. அவை கெடாமல் இருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் துவா செய்கிறேன். அது போதாது என்பதும் எனக்குத் தெரியும்.