இருபத்தெட்டில் நின்ற தரை

பிறர் வீட்டுத் தரையைச் சூடாக்கிப் பிழைப்பவன் மண்டியிடாமல் ஒரு நாளும் வேலை செய்ய முடியாது; ஆனால் மண்டியிடுவது வேறு, குனிந்து பார்ப்பது வேறு என்று அறிய எனக்குப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின.

பிராங்பேர்ட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் தரையோடுகளுக்கு அடியில் மின்கம்பி விரித்து, அதன் சூட்டை அளவோடு நிறுத்தும் தெர்மோஸ்டாட்டைச் சுவரில் பொருத்துவது என் தொழில். கருவிப்பையோடு அழைப்புமணியை அழுத்தி, "போன கிழமை செய்த வேலை சரியில்லை" என்ற வரவேற்பை வாசலிலேயே வாங்கிக்கொண்ட நண்பர்களே, நீங்கள் எந்தத் தொழிலைச் செய்தாலும் சரி, இது உங்களுக்காகவே எழுதப்படுகிறது.

முப்பத்தைந்து வைத்த அவசரக்காரர்

டார்ம்ஸ்டாட்டில் தமிழ்நாட்டுப் பொறியாளர் ஒருவரின் குளியலறைக்குத் தெர்மோஸ்டாட் பொருத்தினேன். இருபத்தைந்து பாகை அவருக்குப் போதும். அவரோ காலையில் எழுந்ததும் அதை முப்பத்தைந்துக்கு ஏற்றிவிட்டு, பத்து நிமிடத்தில் தரையில் கால் வைத்துப் பார்த்து, கருவி பழுது என்று என்னை அழைத்தார். எண்ணைக் கூட்டுவதால் தரை விரைவாகச் சூடாவதில்லை. சூடு எங்கே நிற்க வேண்டும் என்பது மட்டுமே மாறும். "மூடியை எத்தனை முறை திறந்து பார்த்தாலும் அரிசி தன் நேரத்தில்தான் வேகும்" என்று அவருக்கு ஒரு பிரசங்கமே செய்தேன்.

அன்றிலிருந்து, கருவி பொய் சொல்லாது, மனிதர்தான் பொறுமை இழக்கிறார் என்பதை என் வேதமாக்கிக்கொண்டேன். அவர் பல்துலக்கியைக் கையில் பிடித்தபடி சொன்ன மறுமொழியை மட்டும் மறந்துவிட்டேன்: "லாஜிக் எல்லாம் கரெக்ட்ணா. ஆனா சில்லுனு இருக்கிற டைல்ஸ்ல நின்னு பல்லு தேய்க்கிறது நான்தானே, நீங்க இல்லையே!"

சீனியில்லாத தேநீர்

கனகரத்தினம் அண்ணை யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவர். விமான நிலையத்துச் சமையற்கூடமொன்றின் ஈரத் தரையில் முப்பது ஆண்டுகள் நின்று உழைத்து ஓய்வுபெற்றவர். அந்த ஓய்வில் அவர் தமக்கென்று கேட்ட ஒரே சுகம், சமையலறையில் வெதுவெதுப்பான தரை. ஒக்டோபரில் அதைச் செய்து கொடுத்தேன். இரண்டு கிழமையில் தொலைபேசி வந்தது: தரை சூடாகவில்லை.

போய்ப் பார்த்தேன். தெர்மோஸ்டாட் இருபத்தெட்டுக் காட்டியது. என் அளவுமானியும் அதையே காட்டியது. காலணியைக் கழற்றிவிட்டு நின்ற எனக்கும் தரை இதமாகவே இருந்தது. அண்ணையோ இரண்டு சோடி காலுறைக்குள் காலை வைத்துக்கொண்டு, குளிர்கிறது என்றே சாதித்தார். அவருடைய மனைவி மல்லிகா அக்கா இரண்டு கோப்பைத் தேநீரோடு வந்தார். "தம்பி, இது உங்கடை, சீனி போட்டது. அவற்றையிலை போடேலாது, பத்து வருசமாச் சீனி வருத்தம்" என்றார். நான் தேநீரைக் குடித்தேன், சொல்லைக் குடிக்கவில்லை.

பிறகு அண்ணைக்கும் அரிசியையும் மூடியையும் பற்றி எடுத்துரைத்தேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தம்பி, உந்தப் பெட்டி உமக்குச் சொந்தக்காரன். அதுதான் அதுக்காக இவ்வளவு கதைக்கிறீர். இது என்ரை கால்!"

மேலாளரின் தீர்ப்பு

அதன்பின் மூன்று முறை அழைத்தார். தரைக்கு அடியில் சூட்டை அளக்கும் சென்சரைக் குழாய் வழியே உருவி எடுத்துப் புதியதைச் செலுத்தினேன். தரை இருபத்தெட்டிலேயே நின்றது. அண்ணை குளிரிலேயே நின்றார். மூன்றாம் முறை அவர் முன்னிலையிலேயே என் ஜெர்மானிய மேலாளரைத் தொலைபேசியில் அழைத்தேன். தரையின் உச்ச வரம்பு மனிதரின் பாதுகாப்புக்காக வைக்கப்படுவது. அதைக் கூட்டவா என்று கேட்டேன்.

அந்த வீட்டில் வேறு எவருக்காவது குளிர்கிறதா என்று மேலாளர் என்னைக் கேட்கவில்லை. அவர் கேட்காதது குற்றமன்று, அவர் அங்கே இல்லை. அங்கே நின்றவன் நான். மல்லிகா அக்கா எனக்கு இரண்டு முழத் தொலைவில் வெறுங்காலோடு தோசை வார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரிடம் ஒரு சொல் கேட்கவில்லை. தொல்லை ஒழிந்தால் போதும் என்று வரம்பை நாற்பதுக்கு ஏற்றினேன். நண்பர்களே, ஒருவரின் முறையீட்டை நிறுத்துவதும் அவருடைய குறையைத் தீர்ப்பதும் ஒன்றென்று எண்ணாதீர்கள். நான் எண்ணினேன், ஏனெனில் மேலாளர் ஜெர்மன் மொழியில் எனக்கு இதமாகவே தீர்ப்பளித்திருந்தார்: "அவருக்குக் குளிர்கிறதென்றால் குளிர்கிறது. கூட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போ."

போர்வைக்குள்

ஜனவரியில் மல்லிகா அக்கா குரலைத் தாழ்த்தி அழைத்தார்: "தம்பி, அவருக்குச் சொல்லாமல் எடுக்கிறன். ஒருக்கால் வந்து இதைக் குறைச்சுவிடுங்கோ. குசினிக்குள்ளை செருப்பில்லாமல் நிக்க ஏலாமல் கிடக்கு." போனேன். காலுறையோடு உள்ளே நுழைந்தவன் இரண்டாம் அடியிலேயே காலை உதறினேன். அண்ணை சன்னலோரம் நாற்காலியில் அமர்ந்திருந்தார். பாதங்கள் தரையில் படிந்திருந்தன. மடியிலிருந்து தரைவரை கனத்த போர்வை தொங்கி, ஏறிய சூட்டை வெளியே விடாமல் காத்தது. நாள் முழுதும் அப்படித்தான் இருப்பாராம். "வாரும் தம்பி, இப்பதான் கொஞ்சம் பரவாயில்லை" என்று சிரித்தார்.

நான் மண்டியிட்டுப் போர்வையை விலக்கினேன். வலக்காலின் காலுறை ஈரமாக இருந்தது. தண்ணீர் சிந்தியதோ என்று நினைத்துக் கழற்றினேன். காலுறையோடு தோலும் வந்தது. கொப்புளங்கள் உடைந்த பாதம் என் கையில் இருந்தது. அண்ணையின் முகத்தில் ஒரு சுருக்கமும் விழவில்லை. ஒக்டோபரில் நான் குடித்த தேநீரின் பொருள் அப்போதுதான் எனக்கு விளங்கியது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்தார். அண்ணை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்ன, ரெண்டு பேரும் பேயைக் கண்ட மாதிரி நிக்கிறியள்? எனக்கு ஒண்டும் நோகேல்லையே!"

பூட்டு

நீரிழிவினால் கால் நரம்புகள் நெடுநாளாகவே செத்துக்கொண்டிருந்தன என்றார் வைத்தியர். சூடு தெரியவில்லை என்று ஒருவர் சொல்லத் தொடங்கும் நாளிலேயே வந்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். அந்த நாளில் அவர் வைத்தியரிடம் சொல்லவில்லை, என்னிடம் சொன்னார். காயம் ஆறாமல் புரையோடி, இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

ஓர் ஊரில் ஒருவன் கிணற்று நீர் கசக்கிறது என்றானாம். ஊரார் கிணற்றை இறைத்தார்கள். பின்னும் கசக்கிறது என்றான். வேறு கிணறு தோண்டினார்கள். மூன்றாம் கிணறும் கசந்தபோதுதான் ஒருவர் அவனுடைய நாக்கை நீட்டச் சொன்னாராம். அது புண்ணாகிக் கிடந்தது. இதை நான் இப்போது நன்றாகச் சொல்கிறேன். கிணறு தோண்டிக்கொண்டிருந்த நாட்களில் எனக்கு இந்தக் கதை தெரியவில்லை.

மார்ச் மாதத்தில் அண்ணை வீடு திரும்பியதும் போனேன். வரம்பை மீண்டும் இருபத்தெட்டில் வைத்து, எவரும் மாற்றாதபடி தெர்மோஸ்டாட்டுக்கு நான்கு இலக்கப் பூட்டுப் போட்டேன். "அண்ணை, என்னை மன்னிக்க வேணும்" என்றேன். "மன்னிப்பு இருக்கட்டும், தேத்தண்ணியைக் குடியும்" என்றார். அக்கா கோப்பையை நீட்டியபடி, "வாயைத் திறந்து வருத்தத்தைச் சொல்லத் தெரியாத மனிசன், பெட்டியோடை மட்டும் மூண்டு மாதம் சண்டை பிடிச்சது" என்றார்.

அண்ணை கட்டுப் போட்ட காலை இருபத்தெட்டுப் பாகையில் நின்ற தரையில் மெல்ல வைத்தார். எதையோ தேடுபவர்போல் நெடுநேரம் அசையாமல் இருந்தார். பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "தம்பி, பூட்டின்ரை இலக்கத்தை அவவிட்டை மட்டும் சொல்லும். எனக்குச் சொல்லாதையும். எனக்கு இப்பவும் குளிருது."

இப்போதெல்லாம் எந்த வீட்டிலும் தெர்மோஸ்டாட்டைத் தொடுமுன் வீட்டுக்காரரைக் காலுறை கழற்றச் சொல்கிறேன். தரை பார்க்க வந்தவன் காலைப் பார்ப்பதேன் என்று அவர்கள் முறைக்கும் முறைப்பு ஒன்றே இத்தொழிலில் நான் தகுதியோடு பெற்றுக்கொள்ளும் கூலி.