பின்பாரம்

நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் திறக்காது. கல்யாண வீட்டில்கூட ஒரு மூலையில் உட்கார்ந்து இலை போடும் வரை காத்திருப்பேன். நான் பிறவியிலேயே இப்படி என்று என் வீட்டுக்காரர் நினைத்துக்கொண்டிருக்கிறார். இல்லை. எட்டு வயது வரை நன்றாகக் கத்துவேன். கடைசியாகக் கத்தியது பள்ளிகொண்டாவைத் தாண்டி, ஒரு பாலத்து இறக்கத்தில். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வருவது கோபம்தான்.

ஆம்பூரில் அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்று வைத்திருந்தார்கள். ரயிலடியில் இறங்கும் உப்புத் தோலைப் பதனிடும் ஷாப்புகளுக்குக் கொண்டுபோவது அதன் வேலை. வாடகை டிராக்டர் எது கிடைக்கிறதோ அது இழுக்கும். தோலை எப்போதும் பின்பக்கமாகத்தான் அடுக்குவார்கள். முன்னால் அடுக்கினால் ஒழுகும் உப்புத் தண்ணீர் கொக்கியில் இறங்கி இரும்பைத் தின்றுவிடும். பின்னால் அடுக்கினால் ரோட்டில் சொட்டிக்கொண்டே போகும். டிராக்டர் கனமான வண்டி, பின்னால் பாரம் கூடினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. பத்து வருடம் இப்படியே ஓடியது.

என் தம்பிக்கு அப்போது மூன்று வயது. கைக்குழந்தையாக இருந்தபோது அவனுக்கு வந்த காய்ச்சலில், பிழைத்தால் சோளிங்கர் மலைக்கு அழைத்து வந்து முடி இறக்குகிறேன் என்று அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள். இரண்டு வருடம் ஏதேதோ சொல்லித் தள்ளிப்போனது. முடி வளர்ந்து, அவனுக்கு இரட்டைச் சடை போட்டிருந்தோம். அந்த வருடம் கார்த்திகையில் குடும்பத்தோடு போவதென்று ஒருவழியாக முடிவாயிற்று. டிரெய்லரைப் பினாயில் போட்டு மூன்று நாள் கழுவினார்கள். மூங்கில் வளைத்துப் படுதா கட்டினார்கள். சனிக்கிழமை விடியலில் கிளம்பி, ராத்திரி மலையடிவாரத்தில் அதிலேயே சமைத்துப் படுத்து, ஞாயிறு காலையில் மலையேறுவதாக ஏற்பாடு. வாடை மட்டும் போகவில்லை.

எதில் பூட்டி இழுப்பது என்பதுதான் பெரிய பேச்சாக இருந்தது. மாதனூரில் தெரிந்த விவசாயி ஒருவர் தன் டிராக்டரைத் தருவதாகச் சொன்னார். மெதுவாகத்தான் போகும், ஆனால் இழுத்ததை விடாது என்றார். தோல் ஷாப்பு முதலாளி ஒருவர் ராணுவ ஏலத்தில் எடுத்த ஜீப்பை டிரைவரோடு தருவதாகச் சொன்னார். பெரியப்பாவுக்கு ஜீப்பைப் பார்த்ததும் மனசு போய்விட்டது. வழியில் வேலூரில், பெரியப்பாவின் மூத்த மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் மத்தியானச் சாப்பாடு.

"சம்மந்தி வூட்டு வாசல்ல டிராக்டர்ல போயி எறங்கறதா? கரும்பு எறக்க வந்திருக்கோம்னு நெனைச்சுக்குவாங்க" என்றார்.

பரீட்சை ஒன்றும் நடந்தது. ஜீப்பின் பின்னால் டிரெய்லரைப் பூட்டி, பெரியப்பா டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டு, தெருவை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார். ஹாரனை அடித்துப் பார்த்தார். படுதாவைத் தவிர டிரெய்லரில் ஒன்றுமில்லை. காலி வண்டியை இழுத்துக் காட்டியதற்கு எங்கள் வீட்டில் பரீட்சை என்று பெயர். தெருவே கூடி நின்று பார்த்தது. நானும் கைதட்டினேன்.

அம்மாவின் அப்பா மாட்டுவண்டியில் சரக்கு ஏற்றியவர். பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே தூக்கி மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும் என்பது அவளுக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்தே தெரியும். பெரியப்பாவுக்கு முன்னால் அம்மா நின்று பேசியதில்லை. அப்பாவிடம் சொன்னாள். அப்பா தன் யோசனைபோல அண்ணனிடம் மெல்லச் சொன்னார். பத்து வருடமாக ஏற்றுகிறோம், நேற்று வந்தவன் மாதிரிப் பேசாதே என்று பதில் வந்தது. அதோடு சரி. தண்ணீர் பீப்பாய், அரிசி மூட்டை, விறகு, கல்லுரல் எல்லாம் உப்புத் தோல் இருந்த இடத்தில், பின்னால் ஏறின.

கிளம்பும்போது அம்மா யாரிடமும் காரணம் சொல்லாமல் பெரியம்மாவையும் பிள்ளைகளையும் முன்பக்கமாக நெருக்கி உட்கார வைத்தாள். எனக்குப் பின்னால் உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு ரோடு ஓடுவதைப் பார்க்க வேண்டும். அழுது அடம் பிடித்தேன். அம்மா தொடையைக் கிள்ளிவிட்டுக் காதோடு சொன்னாள்.

"பின்னாடி பாரம் ஜாஸ்திடி. அல்லாரும் அங்க குந்தினா வண்டி முன்பக்கம் தூக்கிக்கும், ஆட்டம் குடுத்து கவுத்துடும். வாய மூடிக்கினு இங்கியே குந்து."

மாதனூர் வரைக்கும் ஒழுங்காகத்தான் போனோம். டீ குடிக்க நிறுத்தினார்கள். பெரியப்பா இறங்கி வந்து எங்களைப் பார்த்தார்.

"இன்னா இது, கோழிக்கூண்டு மாதிரி? பின்னாடி இம்மாம் எடம் கெடக்குது. போங்க பசங்களா."

முதலில் குதித்து ஓடியவள் நான். பெரியப்பாவைப் போல நல்லவர் உலகத்திலேயே இல்லை என்று நினைத்தேன். பெரியம்மா தன் பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு பின்னால் வந்து மூட்டையில் சாய்ந்துகொண்டார். அம்மா மட்டும் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு முன்பலகையை விட்டு நகரவில்லை. மெலிந்த உடம்பு. அத்தனை பாரத்துக்கும் அவள் ஒருத்தியாக ஈடு கொடுக்கப் பார்த்தாள்.

பள்ளிகொண்டா தாண்டியதும் பாலத்து இறக்கத்தில் ஜீப் வேகம் பிடித்தது. டிரெய்லர் நாய் வாலை ஆட்டுவதுபோல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. முதலில் சிரித்தோம். பிறகு பீப்பாய் உருண்டது. ஜீப்பையும் இழுத்துக்கொண்டு டிரெய்லர் பள்ளத்தில் ஒருக்களித்துச் சாய்ந்தது. உயிர்ச்சேதமில்லை. தம்பிக்கு மோவாயில் காயம். எனக்கு முழங்கை. அம்மாவின் ஒரு கை வளையல் முழுக்க உடைந்து மணிக்கட்டில் ரத்தம்.

டிரைவர் பாய் கீழே குனிந்து கொக்கியைப் பார்த்துவிட்டு வந்தார். "பின்னாடி பாரம் ஜாஸ்திண்ணே. ஜீப்போட பின்பக்கத்தையே தூக்கிடுச்சி" என்றார். பெரியப்பா, ஆமாம் என்று தலையாட்டினார். அவ்வளவுதான், விஷயம் அங்கே முடிந்திருக்கும். சாமானைக் குறைத்துக்கொண்டு பஸ்ஸில் போயிருக்கலாம். அப்பாகூட, பஸ் வருமா என்று ரோட்டைப் பார்த்தபடி நின்றார்.

நான்தான் கத்தினேன். எங்கள் அம்மாவுக்கு எவ்வளவு தெரிந்திருக்கிறது என்று எனக்கு ஒரே பெருமை.

"எங்கம்மா அப்பவே சொல்லிச்சி! கவுந்துடும்னு காலைலயே எங்கிட்ட சொல்லிச்சி!"

அம்மா ரத்தக் கையாலேயே என் வாயைப் பொத்தினாள். நேரம் கடந்துவிட்டது. பெரியம்மா அழுகையை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தார். பெரியப்பா எங்கள் பக்கம் திரும்பாமல் அப்பாவிடம் சொன்னார்.

"கெளம்பசொல்லவே கவுந்துடும்னு வாயில வெச்சிருக்கா. அப்புறம் எங்கடா போய்ச் சேரும்?"

அதே வார்த்தையை டிரைவர் சொன்னால் அது வண்டியைப் பற்றிய பேச்சு. அம்மா சொன்னால் அதனால்தான் வண்டி கவிழ்ந்தது. காலி வண்டியைச் சுற்றிக் காட்டியவரை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கல்லுரலைப் பின்னால் ஏற்றியவரைக் கேட்கவில்லை. எங்களைப் பின்னால் அனுப்பியவரைக் கேட்கவில்லை. அப்பாவும் வாய் திறக்கவில்லை. முந்தின நாள் அந்த யோசனையை அவரே அண்ணனிடம் சொல்லியிருந்தார். அம்மா, தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று பெரியம்மாவிடம் மன்னிப்புக் கேட்டாள். எனக்கு அவள் மேல் ஆத்திரமாக வந்தது. சரியாகச் சொன்னவள் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்?

தடங்கல் வந்த பயணம் என்று பெரியப்பா எல்லோரையும் ஊருக்குத் திருப்பிவிட்டார். மறு வருடம் அவரும் அப்பாவும் மட்டும் தம்பியைப் பஸ்ஸில் அழைத்துப்போய் மொட்டையடித்துக் கொண்டுவந்தார்கள். வேண்டிக்கொண்டவள் ஆம்பூரிலேயே இருந்தாள். சந்தனம் பூசிய அந்தத் தலையை வாசலிலேயே வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு எங்கள் வாசலில் வண்டி எதுவும் கிளம்பினால், நாங்கள் எல்லோரும் வெளியே நின்று கையாட்டுவோம். அம்மா மட்டும் பின்கட்டுக்குப் போய்விடுவாள். அங்கே பாத்திரம் உருளும் சத்தம் கேட்கும். அம்மாவுக்கு எந்நேரமும் வேலைதான் என்று நினைத்துக்கொண்டு, அவளுக்கும் சேர்த்து நானே கையாட்டிக்கொண்டிருந்தேன்.