மைலேஜ் குறையவே இல்லையாம்

லிட்டருக்குப் பதினான்கு கொடுத்த என் பிக்கப் வண்டி, சாரல் சீசன் தொடங்கியதிலிருந்து பத்துதான் கொடுத்தது. ஃபில்டர், இன்ஜெக்டர் எல்லாம் மாற்றியும் பயனில்லை.

இன்று தென்காசி மெக்கானிக் டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தார்.

“அண்ணாச்சி, மைலேஜ் குறையல. மீட்டர் வயரை யாரோ கழட்டிக் கழட்டி மாட்டுதாவ. வண்டி ஓடுது, கிலோமீட்டர் ஏறல.”

சீட்டுக்குப் பின்னால் ஈரத்துண்டும் எண்ணெய் பாட்டிலும் கிடந்தன.

வண்டியை நம்பி ஒப்படைத்தது என் மனைவியின் தம்பியிடம். போனில் கேட்டேன்.

“ஃப்ரெண்ட்ஸோட டெய்லி குத்தாலத்துல குளியல், அத்தான்.”

“என்னைய ஏம்ல கூப்பிடல?”

“உங்களுக்குத்தான் அருவித் தண்ணி சேராதே.”

தென்காசியில் பிறந்தவனுக்கு அருவித் தண்ணீர் சேராதாம்.

டீசலைக்கூட மன்னித்துவிடுவேன். இதை எப்படி மன்னிக்க, நீங்களே சொல்லுங்கள்.